மங்கில் கரைந்த 1,355 வெள்ளி

டிசம்பர் மாதத்தில் ஒரு காலை, அஞ்சடிக்கு (வீட்டு முன்தாழ்வாரத்துக்கு) வந்து என் செடிகளிலேயே அழகானதைத் தொட்டுப் பார்த்தேன். பனி படிந்த ரோஜாப்பூ மாதிரி இருக்குமே, அந்த எச்செவேரியா. விரல் பட்டதுமே இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அடித்தண்டு கறுத்து, அழுகிய பப்பாளி போல் கொழகொழவென்று இருந்தது. பக்கத்து மங்கில், அதாவது ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணத்தில், இருந்ததைத் தொட்டேன். அதுவும் அப்படித்தான். அன்று ஒரு நாளில் மட்டும் 11 செடிகள். உள்ளேயிருந்து அம்மா, "என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார். தொண்டை அடைத்துக்கொண்டது, பதில் வரவில்லை. செடிக்காக அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் மேற்கொண்டு படியுங்கள். இதையெல்லாம் யாராவது முன்னாலேயே எனக்குச் சொல்லியிருந்தால் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். அம்மா 27 வருடம் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை போட்டபோது, தூக்கியெறியக் கிடந்த பீங்கான் மங்குகளில் 40 மங்கையும் அவற்றின் கம்பி வளையங்களையும் ஒரு கோணிப்பையில் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்தார். எதற்கு என்று கேட்டால் "இருக்கட்டும்" என்பார். பல வருடம் அது கொல்லைப்புறத்தில் கிடந்தது. நான் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒருநாள் இரவு கைப்பேசியில், பழைய டீக்கோப்பையிலும் சூப் கிண்ணத்திலும் சக்குலன்ட் (இலையில் நீர் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடி) வளர்க்கும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். உடனே அந்தக் கோணிப்பை ஞாபகம் வந்தது. வெள்ளைப் பீங்கான் மங்கு, அதில் பச்சையும் ஊதாவுமாக ஒரு செடி, கம்பிக் கதவில் வரிசையாகத் தொங்குகிறது! மனசுக்குள் அப்படியே படம் ஓடியது. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

2023 தீபாவளி முடிந்த கையோடு கேமரன் மலைக்குப் போனோம். ஈப்போ தாண்டி, சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் எங்களுக்கு அது தூரமே இல்லை. பிரிஞ்சாங் பக்கம் செடிக் கடைகளில் மேசை மேசையாக எச்செவேரியா. 32 செடிகள், 240 வெள்ளி (ரிங்கிட்). இதில் இரண்டு தப்பு இருக்கிறது. அப்போது எனக்கு ஒன்றுகூடத் தெரியாது.

முதல் தப்பு, ஊர் மாற்றம். பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், இரவில் போர்வை வேண்டும். சுங்கை சிப்புட்டில் இரவும் 23, 24 பாகையிலேயே நிற்கும், காற்றில் ஈரம் வேறு. எச்செவேரியாவின் பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதிகள். இந்த வகைச் செடிகள் வெயிலில் தண்ணீர் வீணாகக் கூடாது என்று பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து காற்று வாங்கும். அதற்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும். இரவெல்லாம் புழுக்கமாக இருந்தால் அதற்கு ஓய்வே கிடையாது. பகலில் சேர்த்ததை இரவில் செலவழித்துவிட்டு நாளுக்கு நாள் இளைக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே சத்து இருக்காது. அந்த நேரத்தில் கொஞ்சம் ஈரம் கூடினால் போதும், அழுகல் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது தப்பு, மாதம். அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் மத்தியானம் ஆனால் மழை கொட்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். செடி வாங்கும்போது மட்டும் அது ஞாபகத்தில் இல்லை. கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால் மழை குறைவான மாதத்தில், முதலில் இரண்டே இரண்டு செடி வாங்கி, மூன்று மாதம் உங்கள் வீட்டில் தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன் மூன்றாவது செடி வேண்டாம்.

இனி மங்கு. மரத்துப் பாலைப் பிடிப்பதற்குச் செய்த பாத்திரம் அது, ஒரு சொட்டுகூட ஒழுகாது. உள்ளும் வெளியும் வழவழப்பான பூச்சு, அடியில் ஓட்டை கிடையாது. காணொளியில் ஒருவர், ஓட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை, அடியில் ஒரு அடுக்குக் கூழாங்கல் போட்டால் தண்ணீர் அதில் இறங்கிவிடும் என்றார். நம்பினேன். 26 செடிகளை அப்படித்தான் நட்டேன், மீதி 6 மைலோ டின்களில். இந்தக் கூழாங்கல் கதை சுத்தப் பொய் என்று பிறகுதான் தெரிந்தது. நனைந்த பஞ்சைக் கல்லின் மேல் வைத்துப் பாருங்கள், தண்ணீர் கல்லுக்கு இறங்காமல் பஞ்சிலேயே நிற்கும். மண்ணும் அப்படித்தான். தன்னால் பிடித்துக்கொள்ள முடிந்த மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் வந்ததைத்தான் கீழே விடும். அதனால் எந்தச் சட்டியிலும் மண்ணின் அடிப்பகுதியில் ஓர் ஈர அடுக்கு நிற்கும். கல் போட்டால் அந்த அடுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் கிட்டே வருகிறது, அவ்வளவுதான். மங்கு போன்ற ஆழமில்லாத பாத்திரத்தில் இது இன்னும் மோசம். கல்லை விடுங்கள், ஓட்டை போடுங்கள்.

ஓட்டை போடுவதும் லேசில்லை. முதலில் வீட்டிலிருந்த சுவர்த் துளைக்கருவியைச் சாதாரண முனையோடு வைத்து அழுத்தினேன். மங்கு இரண்டாகப் பிளந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு துண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பார்வைக்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பிறகு ஹார்ட்வேர் கடையில் ஓடு துளைக்கும் முனை கேட்டு இரண்டு வாங்கினேன், 24 வெள்ளி. முறை இதுதான்: மங்கைக் கவிழ்த்து ஒரு பழைய துணியின் மேல் வையுங்கள். துளைக்கும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டினால் முனை வழுக்காது. சுத்தியல் போல் இடிக்கும் வேகத்தை அணைத்துவிட வேண்டும், வெறும் சுழற்சி போதும். ஒருவர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும், ஆனால் மின்கருவி மேல் தெறிக்கக் கூடாது. மின்கலத்தில் ஓடும் கருவி என்றால் பயம் குறைவு. அழுத்தவே அழுத்தாதீர்கள், கருவியின் கனமே போதும். அவசரப்பட்டதில் எனக்கு மொத்தம் 9 மங்கு போச்சு. டின்னுக்கு ஆணியும் சுத்தியலும் போதும், ஆனால் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் கிழிந்த விளிம்பு உள்ளே மேடாக நின்றுகொண்டு, அதற்குக் கீழே தண்ணீர் தேங்கிவிடும். அப்புறம், டின் வெயிலில் அடுப்பு மாதிரி சுடும், துருவும் பிடிக்கும். ஐஸ்கிரீம் டப்பாவே மேல்.

மண்ணுக்கு வருவோம். 'கள்ளி மண்' என்று பையில் எழுதியிருந்தது, பை 9 வெள்ளி. ஆறு பை வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தேங்காய்நார்த் தூள். வெயில் ஊருக்கு அது சரிப்படலாம். நம் மழைக்காலத்தில் ஒரு தடவை நனைந்தால் ஒரு வாரத்துக்குக் காயாது. இப்போது நான் கலப்பது: தானா பாக்கார் (சுட்ட மண்) ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, பொடிக்கல் இரண்டு பங்கு. பொடிக்கல் என்றால் எரிமலைக்கல், அது விலை என்றால் உடைத்த செங்கல், அல்லது கழுவிய கரடுமுரடான ஆற்று மணல். பூச்சு வேலைக்கு வாங்கும் நைஸ் மணல் வேண்டாம், அது சிமெண்டு மாதிரி இறுகிவிடும். எல்லாவற்றையும் மாவு சல்லடையில் சலித்துத் தூளைக் கொட்டிவிடுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்கக் கூடாது, பொலபொலவென்று உதிர வேண்டும்.

செத்த இடத்தை நிரப்ப ஈப்போவில் இன்னொரு 150 வெள்ளிக்கு வாங்கினேன். சூதாட்டக்காரனின் புத்தி அது, விட்ட இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று. மழைக்குப் பயந்து இந்தத் தடவை எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோனேன். அதற்கு 85 வெள்ளிக்கு ஒரு தட்டு அலமாரி. மூன்று வாரத்தில் செடிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்தன. அப்படிக் கழுத்து நீண்டால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், நீண்டது திரும்பக் குட்டையாகாது. 110 வெள்ளிக்கு ஓர் ஊதா விளக்கு. இரவில் எங்கள் வீட்டைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. பிறகு பதறிப்போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெயிலில் வைத்தேன், இலையெல்லாம் பழுப்பாக வெந்துபோனது. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது விளக்கு இல்லை, அஞ்சடிக்கு மேலே கணவர் நீட்டிப் போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரைத் தகடு. வெளிச்சம் வரும், மழை வராது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் அலமாரியும் விளக்கும் தேவைப்பட்டிருக்காது.

ஜனவரியில் இன்னொரு முட்டாள்தனம். இணையத்தில் 50 செடிகள் கலந்த பெட்டி, 180 வெள்ளி, அஞ்சல் 12. நான்கு நாள் எந்த லாரியில், எந்தக் கிடங்கில் வெந்ததோ, திறந்ததும் ஊறுகாய் வாடை. விற்றவர் படம் கேட்டார், அனுப்பினேன், பிறகு பதிலே இல்லை. பிழைத்த இலைகளிலிருந்தாவது புதுச் செடி எடுக்கலாம் என்று, காணொளியில் காட்டியபடி மண் மேல் பரப்பி நாளுக்கு இரண்டு வேளை தண்ணீர் தெளித்தேன். ஒரு வாரத்தில் எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கரைந்தன. வறண்ட ஊரில் தெளிப்பார்கள் போலிருக்கிறது. நம் ஊர்க் காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இதையெல்லாம் பணநட்டம் என்று விட்டுவிடலாம். அடுத்தது மானக்கேடு. அதே மாதம் தெருக்கோடி வீட்டுப் பையனுக்கு டிங்கிக் காய்ச்சல். சுகாதார அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். என் வீட்டின் பின்னால், ஓட்டை போடக் காத்திருந்த 14 மங்கு, மல்லாக்க, மழைத்தண்ணீரோடு. ஒருவர் டார்ச் அடித்துக் காட்டினார். ஜெந்திக்-ஜெந்திக், கொசுப்புழு, துள்ளிக்கொண்டிருந்தது. செடித் தட்டுகள் இரண்டிலும் இருந்தது. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி 500 வெள்ளி அபராதம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையனின் தாய் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மங்கில் பிறந்த கொசுதான் கடித்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. இல்லை என்று நானும் நிரூபிக்க முடியாது. பையன் நல்லபடியாக வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் அந்த வீட்டைக் கடக்கும்போது தலை குனிந்துதான் நடந்தேன்.

பழைய பாத்திரத்தில் செடி வளர்க்கும் யாரும் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். செடிக்கு அடியில் தட்டே வைக்காதீர்கள். நடாத பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். அன்று இரவு அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "பால எடுத்ததும் மங்கக் கவுத்து வைக்கணும்மா. வைக்கலைன்னா மண்டோர் தீம்பார் முழுக்கக் கேக்குற மாதிரி கத்துவாரு." மண்டோர் என்றால் கண்காணி, தீம்பார் என்றால் தோட்டம். 27 வருடம் அந்த மங்கைக் கையாண்டவர் என் வீட்டிலேயே இருக்கிறார். நான் ஒரு தடவைகூட அவரிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கேட்டேன். செடியை வெட்டிப் பதியன் போடுவது பற்றிப் பேசும்போது அவர், "நனைஞ்ச மரத்துல கத்தி வைக்கக் கூடாது, பட்டை அழுகிரும்" என்றார். பால்மரத்துக்குச் சொன்னது, கள்ளிக்கும் அச்சாகப் பொருந்துகிறது. ஈரமான நாளில் வெட்டுவாய் காயாது, பூஞ்சை ஏறிவிடும். இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு, காலையில், மருந்தகத்துச் சாராயம் (ஆல்கஹால்) தொட்டுத் துடைத்த கத்தியால் வெட்டுங்கள். வெட்டியதை நிழலில், காற்றாட ஐந்து நாள் போடுங்கள். வெட்டுவாய் தொட்டால் காகிதம் மாதிரி வறண்டிருக்க வேண்டும், அப்புறம்தான் மண். வேர் வரும்வரை தண்ணீர் கிடையாது. இலையிலிருந்து எடுப்பதென்றால் இலையை ஆட்டி ஆட்டி அடியோடு கழற்ற வேண்டும். பாதியில் ஒடிந்த இலையில் வேர் வந்தாலும் குட்டி வராது.

எந்தச் செடி வளர்க்கலாம் என்பதற்குப் பக்கத்து வீட்டு மக்சிக்தான் (மலாய்க்கார அம்மா) பதில். அவர் வாசலில், பழைய பெயிண்ட் வாளியில் லிடா ஜின் இடுப்புயரம் நிற்கிறது. நம்மில் சிலர் மாமியார் நாக்கு என்போமே, அது. மழையோ வெயிலோ, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு கொத்தைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அதன் இலையை நான்கு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி நடலாம், கீழ்ப்பக்கம் கீழேயே இருக்க வேண்டும், தலைகீழாக நட்டால் வேர் வராது. பொறுமை வேண்டும், குட்டி தலைகாட்ட மாதங்கள் ஆகும். மஞ்சள் ஓரம் உள்ள வகையை இலைத்துண்டில் வளர்த்தால் மஞ்சள் போய் வெறும் பச்சையாகத்தான் வரும். மஞ்சள் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். கற்றாழையும் அப்படித்தான், தாயைச் சுற்றி வரும் குட்டியைப் பிரித்தால் போதும். ரணகள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இலையைக் கீழே போட்டால் அதன் ஓரமெல்லாம் குட்டி முளைக்கும். நேர் வெயில் இல்லாத இடத்துக்கு ஹவொர்த்தியா. வெயில் தகிக்கும் இடத்துக்கு அடீனியம், ஆனால் அதன் பால் விஷம், வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள். கேமரன் செடிகளில் என்னிடம் தப்பியது ஒரே வகை, சாம்பல் நிறத்தில் ரோஜா போல் இருக்கும் கிராப்டோபெட்டலம். கூரைக்குக் கீழே வந்த பிறகு அது கொழிக்கிறது.

தண்ணீருக்கு நாள்கணக்கு வைக்காதீர்கள். சாத்தே குச்சியை (இறைச்சி குத்திச் சுடும் மூங்கில் குச்சி) மண்ணில் அடிவரை குத்திச் சில நிமிடம் விட்டு எடுங்கள், மண் ஒட்டியோ குச்சி நிறம் மாறியோ வந்தால் இன்னும் வேண்டாம். எனக்குச் சாதாரணமாகப் பத்து நாள், மழைக்காலத்தில் மூன்று வாரம்கூடப் போகும். எறும்பு வரிசையாக ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரியும். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டுச் சாராயத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

1,500 வெள்ளி சம்பளத்தில் 1,355 வெள்ளி போனதை கணவரிடம் ஒரே தடவையில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, தவணை தவணையாகத்தான் சொன்னேன். போன மாதம் தெருக்கோடி வீட்டுக்கு ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் ரணகள்ளி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பையனின் தாய் வாங்கிக்கொண்டு, முதல் வேலையாக டப்பாவைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். இருவரும் சிரித்துவிட்டோம்.

மங்கு இப்போது 31 மிச்சம். 30-இல் செடி தொங்குகிறது, ஒன்றும் காசு கொடுத்து வாங்கியதில்லை, கிராப்டோபெட்டலத்தைத் தவிர. கடைசி ஒன்றை மட்டும் அம்மா ஓட்டை போட விடவில்லை. கம்பி வளையத்தில் அதைக் கவிழ்த்து, அவரே கதவோரத்தில் மாட்டியிருக்கிறார்.